தேக்காவுக்குப் பாட்டிகள் வந்தது எப்போது?

ஆறு மாதக் கைக்குழந்தையைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் தாயைப் பற்றிப் பேச்சு வந்தால், சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் ஒரே தீர்ப்புத்தான். அந்தக் காலத்தில் வீட்டில் பாட்டி இருந்தார், அத்தை இருந்தார், பிள்ளை தன்னால் வளர்ந்தது. இப்போது எல்லாவற்றுக்கும் காசு. கேட்க இதமான வரலாறுதான். ஆனால் இது எந்த ஊரின் வரலாறு? தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு ஓரளவு பொருந்தலாம், சிங்கப்பூரின் தமிழர் வட்டாரமான தேக்காவுக்குப் பொருந்தாது. பாட்டியின் துணையோடு பிள்ளை வளர்த்த தமிழ்த் தாய்மார் இந்தத் தீவில் ஏறக்குறைய ஒரு தலைமுறையினர்தான், மிஞ்சிப்போனால் ஒன்றரை. அவர்களுக்கு முன்னால் வந்தவள் தனியாகத்தான் வளர்த்தாள். பின்னால் வந்தவளும் அப்படித்தான். கிடைத்த உதவியெல்லாம் அண்டைவீட்டாரிடமிருந்தும், கூலிக்கு வந்தவரிடமிருந்தும், அரசாங்கத்திடமிருந்தும் வந்தது. இன்றைய தாயின் நிலையை ஒரு வீழ்ச்சியாகப் பார்ப்பவர்கள், விழுவதற்கு முன் எந்த உயரத்தில் இருந்தோம் என்று காட்டவேண்டும். அந்த உயரம் ஆவணங்களில் அகப்படவில்லை.

மக்கள்தொகைக் கணக்கிலிருந்து தொடங்குவோம். 1931இல் சிங்கப்பூர் இந்தியர்களில் ஒரு பெண்ணுக்கு ஐந்து ஆண்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், நகராட்சிக்குச் சாலை போட்டவர், குப்பை அள்ளியவர், கடைச் சிப்பந்தி என்று வந்தவர்களில் பெரும்பாலோர் மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள், அல்லது மணமாகாத இளைஞர்கள். வசதி உள்ளவர்களும் விதிவிலக்கில்லை. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் தவணை முறையில் மூன்றாண்டுக்கு ஒரு தடவை வந்து போனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் செட்டிநாட்டில் வளர்ந்தன. இப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண் பிள்ளை பெற்றால் அவளைச் சுற்றி யார் இருந்திருப்பார்கள்? தாயும் மாமியாரும் கடலுக்கு அப்பால். நாத்தனார் இல்லை, ஓரகத்தி இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய தமிழ்ப் பெண்ணைச் சிராங்கூன் சாலையில் காண்பதே அரிதாக இருந்திருக்கும், ஏனென்றால் வந்த பெண்களே குறைவு, வந்தவர்களும் இளையவர்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்கள் கப்பலேறிப் போனார்களே? உண்மை. 1926இல் கட்டிய ‘ரஜுலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் பயணம் செய்தவர்களில் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரிகளும் இருந்திருப்பார்கள். ஆனால் மேல்தளச் சீட்டும் சும்மா வராது. மாதச் சம்பளக்காரனும் சிறு வியாபாரியும் மனைவியை அனுப்பியிருக்கலாம். நகராட்சிக் கூலியால் பிரசவத்துக்குப் பிரசவம் அனுப்பியிருக்க முடியாது. தவிர, போய் வந்தவள் குழந்தையோடு சிங்கப்பூர் திரும்பினால் பாட்டி நாகப்பட்டினத்திலேயே நின்றுவிடுவார். கப்பல் பாட்டியை ஒரு பருவத்துக்கு இரவல் கொடுத்தது, அவ்வளவுதான். இதைவிடக் கனமான மறுப்பு கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்களைப் பற்றியது. மற்றத் தமிழர்களைப் போலன்றி இவர்கள் பெண்களையும் கூட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்தார்கள், தஞ்சோங் பகார் வட்டாரத்தில் நெருங்கி வாழ்ந்தார்கள், 1941இல் கடையநல்லூரார் தங்களுக்கென்று ஒரு முஸ்லிம் லீக்கையே அமைத்தார்கள். அங்கே பாட்டிகள் இருந்தார்கள் என்று தாராளமாக ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெண்களில் பலர் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கியவர்கள். பாட்டி இருந்தாலும் அவர் சும்மா மடியை விரித்து உட்கார்ந்திருக்கவில்லை.

பாட்டி இல்லாத இடத்தை முதலில் நிரப்பியது மருத்துவமனை. புக்கிட் தீமா சாலையில், மாட்டு வியாபாரமும் எருமைத் தொழுவங்களும் இருந்த வட்டாரத்திலேயே, கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை 1924 அக்டோபரில் முப்பது படுக்கைகளோடு பிரசவ மருத்துவமனையாக மாறியது. தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். 1966இல் அங்கே ஏறக்குறைய 40,000 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்கு நூறுக்கு மேல். ஒரே மருத்துவமனையில் உலகிலேயே அதிகப் பிரசவம் என்று கின்னஸ் புத்தகத்தில் பெயர் ஏறி, பத்தாண்டுக் காலம் நிலைத்தது. கூட்டம் தாங்காமல் சுகப்பிரசவமான தாயை மறுநாளே வீட்டுக்கு அனுப்பி, பின்னால் மருத்துவச்சியை வீடு தேடி அனுப்பும் ஏற்பாடு 1950களிலேயே வந்துவிட்டது. சின்னஞ்சிறு செய்தி, ஆனால் கவனிக்கவேண்டியது: தாயைக் குளிப்பாட்டி, தொப்புள்கொடியைப் பார்த்து, பால் கட்டியிருக்கிறதா என்று கேட்கிற வேலை ஒரு காலத்தில் யாருடையது? சிங்கப்பூரில் அது அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஒரு பெண்ணின் வேலையாயிற்று. பலன் பெரிது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் முந்நூறை ஒட்டி ஒரு வயதுக்குள் இறந்தன. 1950இல் அது 82 ஆயிற்று, 1960இல் 35, இன்று இரண்டை ஒட்டி நிற்கிறது. பாட்டிகள் நிறைந்த ஊர்கள் பலவற்றில் அந்த வேகத்தில் இறங்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனாலும் மருத்துவமனையின் கண் பிரசவத்தின் மேல்தான். பத்தியம், காயம், எண்ணெய்க் குளியல், மலாய் மாதர் வந்து பிடித்துவிடும் ‘ஊருட்’ என்று நம் வழக்கங்களும் நாற்பது நாளோடு மூட்டை கட்டிவிடும். தாய்க்கு உண்மையில் கை வேண்டியிருப்பது ஆறாம் மாதத்தில். குழந்தை கவிழ்கிறது, உட்காரப் பார்க்கிறது, எறும்பு முதல் ஏலக்காய்த் தொலி வரை கைக்கு எட்டியதை வாயில் போடுகிறது. தாய்ப்பால் மட்டும் போதாது. கேழ்வரகுக் கூழும் மசித்த பருப்புச் சோறும் நாளைக்கு இரண்டு மூன்று வேளை ஊட்ட வேண்டும், ஊட்டியதில் பாதியைத் துடைக்க வேண்டும். ஒரு பெண் முழுநாளும் கண்ணெடுக்காமல் இருக்கவேண்டிய பருவம் அது. அந்தப் பருவத்தைப் பற்றி நகராட்சி அறிக்கைகளில் அதிகம் கிடைக்காது. பிறப்பைப் பதிந்தார்கள், இறப்பைப் பதிந்தார்கள். இடைப்பட்ட வளர்ப்புக்கு மிஞ்சியிருக்கும் பெரிய தடயம் ஒரு டின் மட்டுமே.

அது இனிப்பூட்டிய கெட்டிப்பால் டின். மேல்மூடியில் எதிரெதிராக இரண்டு துளை போடவேண்டும். ஒன்றில் பால் ஒழுகும், மற்றதில் காற்று நுழையும். எறும்பு ஏறாமல் டின்னைத் தண்ணீர்க் கிண்ணத்தின் நடுவில் வைப்பார்கள். ஒரு கரண்டி வெந்நீரில் கலந்தால் குழந்தைக்குப் பால் தயார். கையிருப்பு குறைந்தால் கரண்டியும் குறையும், வெந்நீர் கூடும். ஏறக்குறைய பாதி சர்க்கரை என்பதால் குளிர்பெட்டி இல்லாத அறையிலும் கெடாது. கொழுப்பு நீக்கிய மலிவு வகையில் வைட்டமின் ஏ இல்லாததால் குழந்தைகளின் கண்ணே போனதும் உண்டு. 1936இல் மலாயாவுக்கு வந்து சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்திய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் இந்தக் குழந்தைகளைத்தான் கண்டார். குவாஷியோர்கர் என்ற ஊட்டச்சத்துக் குறைநோயை ஆப்பிரிக்காவில் அடையாளம் கண்டு உலகுக்குச் சொன்னவர் அவர். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசி, தாய்ப்பாலை விட்டு டின் பாலைக் கொடுக்கச் சொல்லித் தாய்மாரைத் திருப்புகிற விளம்பரத்தைக் கொலைக் குற்றத்துக்கு நிகராக வைத்தார். பின்னர் ஜப்பானியர் காலத்தில் சாங்கி சிறையில் அடைபட்டிருந்தபோது அங்கே பிறந்த இருபது குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தே பிழைத்ததாகப் பதிவு செய்தார். சிறையில் டின் பாலும் இல்லை, வேலைக்குப் போகும் தேவையும் இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். டின் பால் கொடுத்த தாய் விவரம் தெரியாதவளா? பாட்டி பக்கத்தில் இருந்திருந்தால் தடுத்திருப்பாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிராங்கூன் சாலையைச் சுற்றி மாடு வளர்த்தவர்கள் இந்தியர்களே. பசும்பால் வாசல் தேடி வந்தது. ஆனால் அதில் தண்ணீர் கலப்பது ஊரறிந்த சங்கதி, நகராட்சி ஆய்வாளர்கள் பிடித்து வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 1930களில் மாட்டுத் தொழுவங்களை நகரத்திலிருந்து ஓரம் கட்டியதும் அந்தப் பாலும் தூரப் போனது. புக்கிட் தீமாவில் 1929 வாக்கில் தொடங்கிய பால்பண்ணை ஐரோப்பியக் குழந்தைகளை மனத்தில் வைத்துத் தொடங்கியது. கூலிக்காரர் வீட்டுக்கு அந்த விலை எட்டாது. விடிவதற்கு முன் தெருக்கூட்டப் போகிறவள், சித்தாள் வேலைக்குப் போகிறவள், மார்பில் குழந்தையைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலை பார்க்க முடியாது. அவள் கையில் இருந்த வழிகளில் டின் பால்தான் கெடாதது, அளவாகச் செலவழியக் கூடியது, பத்து வயது அக்காளிடம் ஒப்படைத்துவிட்டுப் போகக் கூடியது. அறியாமை என்று ஒதுக்குவதைவிட, பாட்டியற்ற வீட்டின் கணக்கு என்று படித்தால்தான் அது விளங்கும். அதே கணக்கு ஓயவும் இல்லை: 2017இல் சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை ஆணையம் ஆராய்ந்தபோது 900 கிராம் பால்மாவு டின்னின் சராசரி விலை 56 வெள்ளியைத் தாண்டியிருந்தது, பத்தாண்டில் 120 விழுக்காடு ஏற்றம்.

கூலி கொடுத்துக் குழந்தை பார்க்க வைப்பது நவீன நகரத்தின் கண்டுபிடிப்பு என்றும் சொல்ல முடியாது. பாலத்துக்கு அப்பால் மலாயா ரப்பர் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்தது. பால் மரம் வெட்டப் போகும் பெண்கள் இருட்டோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து விட, வேலைக்கு முடியாத வயதான ஒரு பெண் தோட்டத்துச் சம்பளத்தில் அத்தனை தூளிகளையும் ஆட்டுவார். பெயர் ஆயா, உறவு எதுவும் இல்லை. இன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் கைக்குழந்தைப் பராமரிப்பு நிலையத்தின் மூதாதை வேறு எங்கோ இருப்பதாகத் தேடுகிறவர்கள் இந்தக் கொட்டகையைப் பார்க்கலாம். அங்கே ஓர் ஆயாவுக்கு எத்தனை பிள்ளை என்று யாரும் கேட்கவில்லை. இங்கே ஐந்து குழந்தைக்கு ஒருவர் என்பது விதி. காலையில் நெற்றிச் சூடு பார்த்து, கை கால் வாய்ப் புண் நோய் உண்டா என்று உள்ளங்கை, உள்ளங்கால், நாக்கு மூன்றையும் புரட்டிப் பார்த்த பிறகே குழந்தையை உள்ளே எடுப்பார்கள். தாய் பீய்ச்சிக் கொடுத்த பால் பெயரும் தேதியும் ஒட்டிய புட்டியில் குளிர்பெட்டிக்குப் போகும். செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்புகளிலும் துறைமுகத் தொழிலாளர் லயங்களிலும் அண்டைவீட்டுப் பெண்களே அத்தையும் சித்தியுமாக நின்றார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த உறவுமுறைப் பெயர்கள் இரத்தத்தில் வந்தவை என்று பேரப்பிள்ளைகள் பின்னாளில் எண்ணிக்கொண்டதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

அப்படியானால் பாட்டி எப்போது வந்தார்? விரல்விட்டே எண்ணலாம். போருக்குப் பின், குடிநுழைவுச் சட்டம் 1953இல் இறுகுவதற்கு முன்னும் பின்னுமாக, ஆண்கள் மனைவி மக்களை அழைத்து வந்தார்கள். 1950இல் இருபது வயதில் வந்தவளுக்கு 1952இல் மகள் பிறந்தால், அந்த மகளுக்கு 1975 வாக்கில் திருமணம், 1976இல் பேரப்பிள்ளை. சிங்கப்பூரிலேயே பிள்ளை பெற்று, சிங்கப்பூரிலேயே பேரன் பேத்தி கண்ட தமிழ்ப் பாட்டிகள் பெருவாரியாகத் தோன்றியது 1970களின் நடுவில்தான். வந்த நேரத்தைப் பாருங்கள். 1960இல் ஒரு பெண் சராசரியாக ஆறு பிள்ளைக்குச் சற்றுக் குறைவாகப் பெற்றாள். 1975இல் அது இரண்டாக விழுந்துவிட்டது. ‘இரண்டோடு நிறுத்துங்கள்’ இயக்கம் 1972இல் தொடங்கியது. 1973 முதல் மூன்றாம் பிள்ளைக்குச் சம்பளத்தோடு மகப்பேற்று விடுப்புக் கிடையாது. ஆறு பிள்ளைக்காரிக்குக் கைகொடுக்க வராத பாட்டி, இரண்டு பிள்ளைக்காரியின் வீட்டுக்கு வந்தார். தொழிற்சாலைகள் பெண்களைக் கூவி அழைத்த காலமும் அதுவே என்பதால் அவர் வந்தது நல்லதாகப் போயிற்று. மகள் ஜூரோங்கிலோ தோ பாயோவிலோ மின்னணுத் தொழிற்சாலையில் உட்கார, பிள்ளை பாட்டியிடம் வளர்ந்தது.

அந்த வளர்ப்பையும் பொற்காலமாக்கத் தேவையில்லை. பல வீடுகளில் ஞாயிறு இரவு குழந்தையைப் பாட்டி வீட்டில் விட்டால் வெள்ளி மாலைதான் தூக்கி வருவார்கள். பாட்டிக்கு மாதாமாதம் ஒரு தொகை கைமாறியது. சம்பளம் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். வீவக வீட்டுக் கூரையில் தூளி கட்ட உத்தரம் இல்லை என்பதால் இரும்புச் சட்டத்தில் சுருள்வில்லைத் தொங்கவிட்டு, அதில் சேலையையோ சாரோங்கையோ மாட்டினார்கள். பாட்டி ஒரு கையால் அதை மேலும் கீழும் இழுத்துவிட்டு, மறு கையால் வெங்காயம் உரிக்க முடிந்தது. ஊர்த் தூளி பக்கவாட்டில் ஆடும், இது குதிக்கும். தமிழர், மலாய்க்காரர், சீனர் மூவர் வீட்டிலும் அதே தொட்டில். குறிப்பாக எந்தப் பரம்பரையிலிருந்து வந்தது என்று சண்டை போட்டுப் பயனில்லை. கான்கிரீட் கூரை எல்லோருக்கும் பொதுவாக இருந்தது.

1978இல் வெளிநாட்டுப் பணிப்பெண் திட்டம் வந்தது. இன்று ஐந்து குடும்பங்களில் ஒன்றில் பணிப்பெண் இருக்கிறார். தமிழ்க் குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிறவர்கள் உண்டு. அவர்களில் சிலர் தங்கள் கைக்குழந்தையைத் தங்கள் தாயிடம் விட்டுவிட்டு வந்தவர்கள். கர்ப்பமாக இருக்கிறாரா என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை பணிப்பெண்ணுக்குச் சோதனை நடக்கும். பாட்டி வளர்ப்பு அழிந்துவிட்டது என்று வருந்துகிறவர்கள், அது அழியாமல் புதுக்கோட்டையிலும் நுவரெலியாவிலும் நடப்பதால்தான் இங்கே ஒரு குழந்தைக்கு ஆள் கிடைக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். அரசாங்கம் பாட்டியின் மதிப்பை அறியாமல் இல்லை. பெற்றோரோ மாமனார் மாமியாரோ பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் வேலை பார்க்கும் தாய்க்கு 3,000 வெள்ளி வருமான வரிக் கழிவு 2004இல் அறிவித்த சலுகைகளில் வந்தது. பெற்றோருக்கு அருகே வீடு வாங்குகிறவர்களுக்கு 2015 முதல் மானியம். வரிப் படிவத்தில் தனி இடம் ஒதுக்கிப் பாட்டியைக் காப்பாற்ற வேண்டிய நிலை வந்ததே அவர் அருகிப்போவதற்குச் சாட்சி. ஓய்வு வயது 1993இல் 60 ஆனது, 2022இல் 63, 2026 ஜூலையில் 64. ஐம்பத்தெட்டு வயதுப் பாட்டி இன்று தாதியாகவோ பள்ளி அலுவலகத்திலோ கடைக் கல்லாவிலோ வேலையில் இருக்கிறார். அவரைக் குறைசொல்லவும் முடியாது. அவருடைய மருத்துவச் செலவுக்கு அவருடைய மத்திய சேமநிதிதான் கைகொடுக்க வேண்டும்.

இதே வேளையில் 1990களுக்குப் பின் கணினித் துறைக்காக வந்து குடியேறிய தமிழர் வீடுகளில் 1931 திரும்ப வந்தது. கணவனும் மனைவியும் மட்டும் உள்ள வீடு. ஊரிலிருந்து தாய் வருகைச் சீட்டில் வந்து, பத்தியம் முடிந்து, சீட்டின் நாள் முடியத் திரும்பிவிடுவார். வேலை அனுமதியில் இருப்பவர் பெற்றோரை நீண்டகால அனுமதியில் வைத்துக்கொள்ள மாதச் சம்பளம் குறைந்தது 12,000 வெள்ளி வேண்டும். ரஜுலாவின் இடத்தில் விமானம், மற்றபடி இரவல் அதே இரவல். மகப்பேற்று விடுப்பும் போதாது. 1968 வேலை நியமனச் சட்டம் எட்டு வாரம் கொடுத்தது. 2004இல் அது பன்னிரண்டு, 2008இல் பதினாறு. குழந்தை சிங்கப்பூர்க் குடிமகனாக இல்லாவிட்டால் பன்னிரண்டோடு சரி. இந்தியாவில் 2017 முதல் சட்டப்படி 26 வாரம், அதாவது சரியாக அந்த ஆறு மாதம். ஆனால் அங்கே அமைப்புசார் வேலையில் இருக்கும் சிறுபான்மைக்கே அது. உலகச் சுகாதார நிறுவனம் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்ல, சிங்கப்பூர்த் தாய் நான்காம் மாதத்திலேயே மார்புப்பால் இறைக்கும் கருவியோடு அலுவலகக் கூட்ட அறைக்கு இடம் தேடிப் போனாள்.

2026 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் சிங்கப்பூர்க் குழந்தைகளுக்கு பெற்றோர் இருவரின் விடுப்பும் சேர்ந்து முதல் முறையாக ஆறு மாதத்தைத் தாண்டுகிறது. தாய்க்குப் பதினாறு வாரம், தந்தைக்கு நான்கு, இருவரும் பங்கிட்டுக்கொள்ளப் பத்து, மொத்தம் முப்பது. பங்கு பிரிப்பதில்தான் சூட்சுமம். பத்தையும் தாய் எடுத்துக்கொண்டால் அவளுக்கு 26 வாரம் ஆகும். பாதிப் பாதி என்றால் தந்தை ஒன்பது வாரம் வீட்டில் இருப்பார், கேழ்வரகைக் கட்டிதட்டாமல் கிண்டவும் கற்றுக்கொள்வார். இதுவரை தந்தையர் விடுப்புக்குத் தகுதி பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரே அதை எடுத்திருக்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு ஐந்து ஆண்கள் இருந்த ஊரில், குழந்தை வளர்ப்பு பற்றிய எந்தப் பதிவிலும் ஆண் தென்படாதது ஏன் என்று யாரும் விசாரித்ததில்லை. அடுத்த சில ஆண்டு விடுப்புக் கணக்குகள் அதற்கு ஏதாவது பதில் வைத்திருக்கக்கூடும்.